பெரணிக்கு ஏழு நாள் ரவுண்டு

...இல்லை, அது பெரணிக் களை இல்லை, தோட்டத்துத் துரையின் சப்பாத்து நிழல்தான், ஆனாலும் என் நெஞ்சு ஒரு தடவை நின்று யோசித்துவிட்டுத்தான் மறுபடி அடிக்கிறது, பெரணியை ஒழிக்க அவர் தந்த இரண்டு வருடத் தவணை இன்றோடு முடிகிறது, இந்தச் சரிவில் பெரணி கண்ணில் பட்டால் போதும், கைவிட்ட இந்தத் தேயிலை மலையை எங்கள் லயத்து வீடுகளின் மாடுகளிடமிருந்து பிடுங்கி டர்பன்டைன் பைன் மரம் நட்டுவிடுவார்... குனிகிறார், புல்லை விலக்குகிறார், அடியிலும் புல்தான். இந்தப் புல்லுக்கு நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? லயமே ஆளுயரம் வளரும் சீ.ஓ. த்ரீ கேட்டது, அது வெட்டிப் போடும் புல், மாடு மிதித்தால் போச்சு, தேயிலை மண்ணின் புளிப்பைத் தாங்கிப் படர்வது சிக்னல் புல்தான் என்று நான் கெம்பஸில் விவசாயம் படித்த குரலில் சொன்னேன்; பெரணியைத் தின்ற மாட்டுக்கு மூத்திரம் இரத்தமாகப் போகும், எரித்தாலும் கிழங்கு சாகாது, வருடம் மூன்று தடவை கம்பால் அடித்து ஒடியுங்கள் என்றும் சொன்னேன். "அடிக்கிற அளவுக்கு அது என்னா தம்பி திருடுச்சு?" என்று மாட்டுச் சங்கத் தலைவர் அழகமுத்து அண்ணன் கேட்டார், நான் சிரிக்கவில்லை, விஞ்ஞானி சிரிக்கக் கூடாது.

கம்படி ஒரு கிழமைதான் நடந்தது, தோள் வலிக்கிறது என்று கொழுந்து பறிக்கும் காத்தாயி அக்கா கம்பை எறிந்துவிட்டு, சுருண்டு தலைநீட்டும் பெரணிக் குருத்தைக் கொழுந்து போலக் கிள்ளிப் போட்டாள், மலையிறங்கும் பெண்களெல்லாம் கிள்ளினார்கள், தேயிலைக் கொழுந்து பறிக்க ஏழு நாளுக்கொரு ரவுண்டு, பெரணிக்கும் ஏழு நாள் ரவுண்டு... இலையே விரிய விடாவிட்டால் கிழங்கு எதைத் தின்று வாழும்? துரை நிமிர்கிறார், பெரணியெல்லாம் எங்கே என்கிறார், "தவறிருச்சுங்க" என்கிறார் அழகமுத்து அண்ணன், சொந்தக்காரர் சாவைச் சொல்லும் முகத்தோடு. மலை மாடுகளுக்கே இருக்கட்டும் என்று துரை சொன்னார், சொல்லிவிட்டார், யாருடைய யோசனை என்றும் கேட்டார், அத்தனை கையும் என்னைக் காட்டியது, நானும் மறுக்கவில்லை, வேலி திறந்தது, மாடுகள் புல்லுக்குள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல இறங்கின, இந்த மாத்தளை மலைக்கெல்லாம் நான்தான் துரை என்று நின்றேன். காத்தாயி அக்கா கூடையோடு எங்களைக் கடந்து போகிறாள், நிற்கவில்லை, பார்க்கவும் இல்லை, கை மட்டும் புல்லுக்குள் போய் எதையோ கிள்ளிப் பின்னால் எறிகிறது. அப்படியென்றால் கீழே இன்னும்... துரை பார்க்கவில்லை, நானுந்தான் அந்தக் குருத்தைப் பார்க்கவில்லை. கெம்பஸ் அறிக்கையில் முறை என்ற இடத்தில் கம்பு என்றுதான் எழுதிவைத்திருக்கிறேன்... இரண்டு வருடத்தில் ஒரு குருத்தைக்கூட நான் கிள்ளியதில்லை, எது குருத்து என்று அவளைக் கேட்டதாவது உண்டா?