வண்டிக்குள் நான் உன் அம்மா இல்லை

பதினோரு வருடமாக வூட்ஜ் நகரத்து டிராம்களில் டிக்கெட் பரிசோதகராக இருக்கிறேன். எங்களுக்கு இந்த ஊரில் 'கனாரி' என்று பெயர், மஞ்சள் குருவி. எவன் வைத்தானோ, அவன் வாயில் மண் விழ. நாங்கள் ஏறியதும் யாராவது சீட்டியடிப்பான், பின்வாசல் வழியாக நாலு பேர் குதிப்பார்கள்.

என் மகன் யூலெக் பள்ளியில் படிக்கும்போதே ஒரு நாள் கேட்டுவிட்டான். "அம்மா, வண்டிக்குள்ள என்னைப் பாத்தா தெரியாத மாதிரி இரு. பசங்க குருவிக்குஞ்சுன்னு கூப்பிடறாங்க." பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் சரி என்றேன். அன்றிலிருந்து வண்டிக்குள் நான் அவனுக்கு அம்மா இல்லை. பாஸ் அட்டையை நீட்டுவான், என் கருவி 'கீக்' என்னும், நன்றி சொல்லிவிட்டு நகர்வேன். சாயங்காலம் சூப் குடிக்கும்போது, "இன்னைக்கு ஒரு கனாரி என்னைப் பாத்து மொறச்சா பாரும்மா!" என்று என்னிடமே சொல்லிச் சிரிப்பான்.

இரண்டு வருடத்துக்கு முன் கட்டடப் பொறியியலில் அவனுக்கு இடம் கிடைத்தது. எங்கள் குடியிருப்பின் நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான்.

ஏப்ரல் முதல் தேதி எங்களுக்கு அறுவடை நாள். மாணவர்கள் சலுகை பாஸில் போகலாம், ஆனால் கூடவே மாணவர் அட்டையும் வேண்டும். அந்த அட்டையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகம் ஒரு மினுமினுப்பான வில்லை ஒட்டித் தரும். பழைய வில்லை மார்ச் முப்பத்தொன்றோடு செத்துவிடும். புதியது ஒட்டாத அட்டை வெறும் பிளாஸ்டிக். இந்த வருடம் அதற்கு ஒரு வாரம் முன்பே யூலெக்கிடம் கேட்டேன். "வில்லை ஒட்டிட்டியாடா?" "அதெல்லாம் ஆச்சும்மா," என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஏப்ரல் முதல் தேதி காலை நான் எட்டாம் தடத்தில் இருந்திருக்க வேண்டும். குளிர்பெட்டிக் கதவில் நான் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலிலும் அப்படித்தான் இருந்தது. என் கூட்டாளி லெஷெக்குக்குக் கடைவாய்ப் பல் வலி. டாக்டர் வீட்டு வழியாகப் போகும் பதினோராம் தடத்துக்கு இருவரும் மாறலாம் என்று கடைசி நேரத்தில் கேட்டான்.

"தனுதாம்மா, புண்ணியமாப் போகும், மாத்திக்கலாம்."

"பல்லப் புடுங்கறப்ப நாக்கையும் சேத்துப் புடுங்கச் சொல்லு. வண்டி அமைதியா இருக்கும்," என்றேன்.

ஏறினோம். லெஷெக் முன்பக்கத்திலிருந்து, நான் பின்பக்கத்திலிருந்து. மூன்றாவது இருக்கையில் ஒரு பெண், மடியில் வரைபடக் குழாய். மாணவர் அட்டையைக் கொடுத்தாள், ஆனால் வில்லை ஒட்டும் மூலையிலிருந்து கட்டைவிரலை எடுக்கவே இல்லை.

"விரலை எடும்மா."

எடுத்தாள். பழைய வில்லை.

"இன்னைக்கு முதல் நாள்தானே மேடம்! சாயங்காலம் ஒட்டிடுவேன். சும்மா விளையாடறீங்கதானே? ஏப்ரல் ஒண்ணு..."

"நான் விளையாடற வயசைத் தாண்டி ரொம்ப நாளாச்சு," என்று அபராதச் சீட்டை எழுதினேன். அழுதாள். ஒரு கிழவர், "மனசாட்சியே இல்லாத ஜென்மங்க," என்றார். இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

நிமிர்ந்தபோதுதான் யூலெக்கைப் பார்த்தேன். நடுவாசல் பக்கம் நின்றிருந்தவன், லெஷெக் நெருங்குவதைப் பார்த்துவிட்டு என் பக்கமாக நகர்ந்து வந்தான். பாஸை நீட்டினான். 'கீக்'. அத்தோடு நான் நகர்ந்திருக்கலாம். எப்போதும் நகர்ந்துவிடுவேன். அன்று என்ன கேடோ, எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் கிழவரும் பார்க்கட்டும், ஒழுங்கான பிள்ளை எப்படி இருப்பான் என்று பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"மாணவர் அட்டை?" என்றேன் சத்தமாக.

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அட்டையை எடுத்தான். மூலையில் கட்டைவிரல்.

இந்த விரல் வித்தையை நான்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். பையன்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் பார் என்று சாப்பாட்டு மேசையில் நடித்தே காட்டியிருந்தேன்.

"விரலை எடுங்க."

எடுத்தான். பழைய வில்லை.

"மறந்துட்டீங்களா?" என்றேன். ஆமாம் என்று சொல்லித் தொலைடா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"இல்லை. காலேஜ்லேர்ந்து என் பேரை நீக்கிட்டாங்க. மூணு வாரமாச்சு. மறுதேர்விலயும் ரெண்டு பாடம் போயிடுச்சு."

அம்மாடி! மூன்று வாரமாகக் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினானே? நான் ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்துக் கட்டிக் கொடுத்தேனே?

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் எனக்கு யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே. அவளுக்கு எழுதிய கை இவனுக்கு எழுதாவிட்டால், கிழவர் சொன்னது உண்மையாகிவிடும். சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

"பேரு?"

சொன்னான். நான் வைத்த பெயர்.

"முகவரி?"

தெருவைச் சொன்னான், நிறுத்தினான், கதவு எண்ணைச் சொன்னான். "மூணாவது மாடி," என்றான். காலையில் நான் பூட்டிய கதவு. பேனா தாளைக் கிழித்துக்கொண்டு ஓடியது. பின்னால் வந்து நின்ற லெஷெக் சீட்டை எட்டிப் பார்த்தான், குடும்பப் பெயரைப் படித்தான், கன்னத்திலிருந்து கையை எடுத்தான்.

"தனுதாம்மா, கிழிச்சுப் போட்டுடுங்க. நான் எதையும் பாக்கல."

"அந்தப் பொண்ணு பாத்துட்டாளே," என்றேன். சீட்டைப் புத்தகத்திலிருந்து பிரித்து யூலெக்கிடம் கொடுத்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் அவன் இறங்கினான். கதவு மூடுவதற்குள் நானும் குதித்தேன். வேலை நேரத்தில் வண்டியை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

"நில்லுடா! இப்ப நாம வெளிய இருக்கோம். இப்ப நான் உன் அம்மா."

நின்றான். அறையத்தான் கையை ஓங்கினேன். காதெல்லாம் சிவந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். கை தானாக இறங்கிவிட்டது.

"மூணு வாரமா எங்கடா போன?"

"டிராம்லதான். கடைசி நிறுத்தம் வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். உள்ள கதகதப்பா இருக்கும். பட்டியலப் பாத்து, நீ இல்லாத தடமா ஏறுவேன்."

"அப்ப இன்னைக்கு லெஷெக்கை விட்டுட்டு என்கிட்ட ஏன் வந்த? நான் கேக்க மாட்டேன்னா?"

"அப்படித்தான் வந்தேன். ஆனா நீ கேட்டதும்... அப்பாடான்னு இருந்துச்சும்மா. என்னால சொல்ல முடியல."

தினமும் ஆயிரம் பேரிடம் அட்டை கேட்கிறவள் நான். வீட்டில் ஒருவனைக் கேட்கவில்லை. நடுநிறுத்தத்தில் நின்று, சீருடைச் சட்டையின் கைப்பகுதியால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். எதிரே வீட்டுப் பக்கம் போகிற வண்டி வந்தது. அவன் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்தான்.

"அதை உள்ள வை. இனி அது செல்லாது."

ஏறினோம். என் கைப்பையில் கிடந்த காகித டிக்கெட்டை எடுத்து முத்திரைக் கருவியில் செருகினேன். 'டக்' என்று குத்தியது. சலுகை இல்லாத முழு டிக்கெட். அவன் கையில் கொடுத்துவிட்டு ஓர் இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டியில் பாதிப் பேருக்கு என் சீருடை தெரியும். யாரோ சீட்டியடித்தான், "கனாரி!" என்றான்.

"அம்மா, தள்ளி உக்காரு," என்றான் யூலெக், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. என் பக்கத்தில் உட்கார்ந்தான்.