நாலும் கலந்த தரை

அரியக்குடியில் மரப்பட்டறையும் கிரில் பட்டறையும் வைத்திருந்த சிவராஜ், ஊருக்கெல்லாம் கதவு செய்து கொடுத்தவன். பெண்டாட்டியை மட்டும் வீட்டுக்குள் பூட்டி வைக்கப் பார்த்தான். ராஜப்ரியாவுக்குக் காரைக்குடிப் பள்ளி ஒன்றில் வேதியியல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஓங்கி ஓர் அறை விட்டான். உதடு கிழிந்தது. அதோடு நின்றானா? பட்டறையிலிருந்து மரத்தூளும் இரும்புத்தூளும் அள்ளிவந்து அடுப்படியில் கொட்டினான். உப்பு ஜாடியை அதன்மேல் போட்டு உடைத்தான். வாசல் மணலையும் வாரிப் போட்டுக் காலால் பிசைந்தான்.

"பெரிய கெமிஸ்ட்ரி டீச்சரு! நாலையும் தனித்தனியாப் பிரிடீ பாப்போம். பிரிச்சிட்டா நாளைக்குப் போ. இல்லேன்னா அடுப்படியிலயே கெட."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கலந்தாலே நாசம் என்பது பட்டறைக்காரன் நினைப்பு. எரித்துச் சாம்பலாக்கியிருந்தால் அவள் தோற்றிருப்பாள். இது வெறும் கலவை. கலவையில் எதுவும் தன் குணத்தை விடுவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

ராஜப்ரியா ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜாடிச் சில்லுகளைப் பொறுக்கிப் போட்டாள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றித் துழாவினாள். இரும்பு ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சத்தைத் தண்ணீரில் கொட்டி, மிதந்த மரத்தூளை வழித்தெடுத்தாள். துணியில் வடிகட்டினாள், மணல் தங்கியது. வடிந்த நீரை இரும்புச்சட்டியில் காய்ச்ச, வற்றி உப்பு படிந்தது.

"பிரிச்சிட்டேன். சொன்ன சொல்லக் காப்பாத்துவீகளா?"

"அதான் செஞ்சுட்டாள்லடா, விட்ருடா" என்றாள் மாமியார் நாகவல்லி.

பெற்றவள் பார்க்கத் தோற்றதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ராஜப்ரியாவின் வலது கையைப் பிடித்திழுத்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த சட்டியில் வைத்து அமுக்கினான் படுபாவி.

"இப்பப் பிரிடீ இத!"

அவள் போட்ட அலறல் தெருக்கோடிவரை கேட்டது. சதை கருகும் வாடை அடுப்படியை விட்டுப் போகவேயில்லை.

மறுநாள் அவன் எழுவதற்குள் நாகவல்லியே மருமகளைப் பஸ் ஏற்றிவிட்டாள். இடது கையால் கரும்பலகையில் கோணல்மாணலாக எழுதிய புது டீச்சரைப் பார்த்து முன்பெஞ்சுப் பெண் கேட்டாள்: "கையில என்ன கட்டு மிஸ்?"

விழுந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரரு சுடுசட்டியில வச்சு அமுக்குனாரு. கலந்ததப் பிரிச்சிரலாம். வெந்தது பழையபடி ஆகாது. எழுதிக்கங்க."

பள்ளி விட்டதும் அரியக்குடி பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. மகளிர் காவல் நிலையம் எங்குட்டு என்று பூக்காரியிடம் கேட்டு நடந்தாள்.