கரையில் இறக்கிவிட்ட ஆள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். கப்பலின் தலைவரான கப்பித்தானுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் தன் காலை விடாமல் மென்டோவின் காலை விட்டார்.

மென்டோ லிஸ்பனில் குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்தவன். மதுக்கடைச் சண்டையில் ஒருவனை முக்காலியால் அடித்தான், அடிபட்டவன் எழுந்திருக்கவில்லை. தூக்கில் போடச் சொன்ன ராஜாவே பிறகு மனமிரங்கி, இவன் கப்பலில் போகட்டும் என்றார். புதுக் கரை எதுவும் தென்பட்டால் முதலில் இறக்குவதற்கென்று கப்பலுக்குக் கப்பல் இப்படி ஒரு கைதி உண்டு. கரைக்காரர்கள் அவனைக் கொல்லாமல் விட்டால் மற்றவர்கள் இறங்குவார்கள். கொன்றுவிட்டால் ராஜாவுக்கு ஒரு கயிறு மிச்சம். இதற்குப் பெயர் மன்னிப்பு.

நாற்பத்து மூன்று நாள் வெறும் கடலைப் பார்த்த பிறகு ஒரு காலையில் மரங்கள் தெரிந்தன. எல்லோரும் மண்டியிட்டு மாதாவுக்கு நன்றி சொன்னார்கள். மென்டோ மட்டும் மரங்களுக்கு நடுவே ஆள் தெரிகிறதா என்று பார்த்தான். பீப்பாய்களில் குடிதண்ணீர் அடிமட்டத்துக்கு வந்திருந்ததால் கப்பித்தான் தாமதிக்கவில்லை. ஒரு சிவப்புத் தொப்பியையும் ஒரு கொத்து மணியையும் அவன் கையில் திணித்தார்.

“போய் அவங்களோட இரு. பாஷையைக் கத்துக்க. ரெண்டு வருஷத்துல வேற கப்பல் வந்து உன்னக் கூட்டிட்டுப் போகும்.”

“வரலைன்னா, எசமான்?”

“வராம எங்க போகும்” என்று சொல்லிவிட்டு அவர் பீப்பாய்களைப் பார்க்கப் போய்விட்டார்.

படகில் கொண்டுபோய் விட்டவன் பெரோ. கப்பலில் மென்டோவோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். துடுப்புப் போடும்போதும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. “நல்லவேளை மாப்ள, நீ எலும்பும் தோலுமா இருக்க. உன்னக் கடிச்சா அவங்க பல்லுதான் போகும்” என்றான். மென்டோ சிரிக்கப் பார்த்தான்.

கரையில் முப்பது பேர் நின்றார்கள். உடம்பில் துணி இல்லை, கையில் வில் இருந்தது. அவர்களில் பெரிய தோள்காரர் ஒருவர் கீழுதட்டில் வெள்ளைக் கல் குத்தியிருந்தார். அவர் சொன்னதும் எல்லோரும் வில்லை மணலில் வைத்தார்கள். தொப்பி தலைக்குத் தலை மாறியது. சுட்ட மீனும் கிழங்கும் கொடுத்தார்கள். ஒரு பெண் வெயிலில் உரிந்த அவன் தோளைப் பார்த்து உச்சுக்கொட்டி எண்ணெய் தடவினாள். ஆட்டுக்குத் தழை போடுவது எதற்கு என்று தெரிந்தவன் அவன்.

பொழுது சாய்வதற்கு முன் அவனை எழுப்பி, மூட்டையைக் கையில் கொடுத்து, கடலோரம் வரை கூட வந்து கப்பலைக் காட்டினார்கள். விருந்துக்கு வந்தவன் வீடு திரும்ப வேண்டாமா? அவர்களே கூவிப் படகை வரவழைத்தார்கள்.

மறுநாளும் கப்பித்தான் அவனை அனுப்பினார். மறுநாளும் அவர்கள் ஊட்டாத குறையாக உபசரித்துத் திருப்பி அனுப்பினார்கள். கப்பித்தானின் பொறுமை அதோடு தீர்ந்தது.

“நானா வரல எசமான். அவங்கதான் அனுப்பிவைக்கிறாங்க.”

“நாளைக்கு உன் காலு இந்தக் கப்பல்ல பட்டுச்சுன்னா பாய்மரத்துலயே தொங்கவிட்டுருவேன். தீர்ப்பு எழுதுன காகிதம் எங்கிட்ட பத்திரமா இருக்கு” என்றார். அவர் சொன்னால் செய்கிறவர் என்பது கப்பலில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் மாலுமிகள் ஆற்று முகத்தில் பீப்பாய்களை நிரப்பினார்கள். கரைக்காரர்கள் ஆளுக்கொரு கை கொடுத்து உருட்டிவிட்டார்கள். உச்சிவேளைக்குள் வேலை முடிந்தது. மென்டோவைத் தவிர எல்லோரும் படகில் ஏறிக்கொண்டார்கள். பெரோ அன்று கேலி பேசவில்லை, மென்டோவின் முகத்தையே பார்க்கவில்லை.

எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று மென்டோ யோசித்து முடித்திருந்தான். இங்கேயே இருந்துவிட வேண்டும். ஆனால் இவர்கள் விட வேண்டுமே! அவன் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து தரையைத் தட்டிக் காட்டினான். ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டான். கழுத்தில் கயிறு விழுவதுபோல் காட்டி நாக்கைத் தள்ளினான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்து, தாங்களும் நாக்கைத் தள்ளின. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய் தடவிய பெண் அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, கவலைப்படாதே என்பதுபோல் கப்பலைக் காட்டினாள்.

என்னை என் ஆட்களே தூக்கி எறிந்துவிட்டார்கள் என்பதைக் கைஜாடையில் எப்படிச் சொல்வது? அந்த ஊரில் அப்படி ஒரு காரியம் நடந்ததே இல்லையோ என்னவோ. அவர்கள் கண்ணுக்கு அவன் படகைத் தவறவிட்ட ஒரு மடையன், அவ்வளவுதான்.

கப்பலில் பாய் விரிந்தது. கரையில் ஒரே கூச்சல். ஐயோ, விட்டுவிட்டுப் போகிறார்களே என்று பதறுகிறார்கள் என்பது பாஷை தெரியாமலே புரிந்தது. இரண்டு பேர் மென்டோவை அக்குளில் பிடித்துத் தூக்கி, குடைந்த மரப் படகில் உட்காரவைத்தார்கள். எட்டுத் துடுப்புகள் ஒன்றாக விழுந்தன.

காற்று பலமாக இல்லை. கப்பல் ஊர்ந்தது, படகு பறந்தது. மென்டோ உதட்டுக்கல்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சினான். “வேணாங்க, விட்ருங்க, அங்க போனா என்னக் கொன்னுருவாங்க.” அவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். இதோ பிடித்துவிடலாம் என்று அர்த்தம். குதிக்கலாம் என்றால் நீச்சல் தெரியாது. கப்பலின் பின்பக்கத்துப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. அங்கே நின்ற பெரோ கையை உயர்த்தினான், உடனே இறக்கிக்கொண்டான். அவனைத் தள்ளிவிட்டுக் கப்பித்தான் வந்து நின்றார். பீரங்கிக்காரன் நெருப்போடு குனிந்தான்.

படகுக்குப் பத்து முழம் முன்னால் குண்டு விழுந்தது. கடல் எழும்பி எல்லோர் தலையிலும் கொட்டியது. துடுப்புகள் நின்றுவிட்டன.

யாருக்கும் காயமில்லை. புகை கலைவதை உதட்டுக்கல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் நிற்கவில்லை. அவர் கப்பலைக் காட்டி, பிறகு மென்டோவின் நெஞ்சைத் தொட்டு, உன்னையா வேண்டாம் என்கிறார்கள் என்பதுபோல் ஒரே ஒரு சொல் கேட்டார். மென்டோ ஆமாம் என்று தலையாட்டினான்.

அவர் வெகுநேரம் அவனையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அவனுக்காக அவர் வெட்கப்படுவது போலிருந்தது, மூன்று நாளும் வராத அவமானம் மென்டோவுக்கு அப்போதுதான் வந்தது. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

அவர் தன் ஆட்களிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். படகு கரைப் பக்கம் திரும்பியது. பிறகு, அடியில் கிடந்த ஒன்பதாவது துடுப்பை எடுத்து அவன் மடியில் வைத்தார்.