குளிசை டின்

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கையின் பதினாறு வீட்டாருக்கும் மரியகொறற்றியின் நீல டின்னைத் தெரியும். ஏதோ ஒரு நத்தாருக்கு வந்த பிஸ்கற் டின். பிரிட்ஜுக்கு மேலே, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கும். காய்ச்சல் விட்டதும் மிஞ்சுகிற குளிசைகள், பல்வலி நின்றதும் மிஞ்சுகிற கப்சூல்கள், செத்துப்போன யாரோ ஒருவருடைய பிரஷர் மருந்து, எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். டொக்டர் ஏழு நாளைக்கு எழுதினால் அந்த வீட்டில் மூன்று நாள்தான் போடுவார்கள். "சுகம் வந்த பிறகும் விழுங்கிறதுக்கு அது என்ன இனிப்புத் தொதலா?" என்பாள் மரியகொறற்றி. மிச்சம் நான்கு நாளும் டின்னுக்கு. இல்லாதவர்களுக்கு.

அவள் அதைத் தர்மமாகத்தான் செய்தாள். "அன்ரி, அந்தச் சிவப்புக் கறுப்புக் கப்சூல் இருக்குதா?" என்று கதவடியில் யாராவது வந்து நின்றால் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து தேடிக் கொடுப்பாள். மருந்தின் இங்கிலிஷ் பெயர் வாசிக்க அவளுக்கு வராது. நிறமும் வடிவமும்தான் கணக்கு. சிவப்புக் கறுப்பு தொண்டைக்கும் காதுக்கும், வெள்ளை நீட்டு மூத்திரக் கடுப்புக்கு. யாராவது காசு நீட்டினால் முகம் சுருங்கிவிடும். "எனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கோ, போதும்."

மகள் நதீஷா, கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக வேலை செய்தாள். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வணிகப் பட்டம் படித்தாள். முதல் வருடத்தில் எல்லாரும் ஒரு விஞ்ஞானப் பாடம் எடுத்தே ஆகவேண்டும் என்று அங்கே ஒரு விதி. அவளுக்கு வாய்த்தது 'எல்லோருக்குமான உயிரியல்'. நாற்பது புள்ளி எடுத்தால் போதும். பட்டத்துக்கு அந்தப் புள்ளி சேராது. அதனால் வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் கரையோர ரயிலில் யன்னல் பக்கம் இருக்கிற பிரயாணிகளைப் போல இருந்தார்கள். கடல் அழகாகத்தான் போகும். இறங்குகிற இடம் வேறு.

படிப்பித்த ஹம்சிகாவுக்கு அவர்களைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். ஒரு சனிக்கிழமை, மாணவர்கள் தங்கள் கைத்தொலைபேசியைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஜெலி மாதிரி எதையோ ஊற்றி உறையவைத்த கண்ணாடித் தட்டுகளில் பூசினார்கள். அதற்கு மேலே மருந்தில் நனைத்த சின்னக் கடதாசி வட்டங்களை ஹம்சிகா வைத்தாள். சூட்டுக்காகப் பல்ப் எரிகிற ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் தட்டுகள் போயின. அடுத்த சனிக்கிழமை எடுத்துப் பார்த்தபோது தட்டெல்லாம் பாசி பிடித்ததுபோல மங்கியிருந்தது. மருந்து வைத்த இடங்களைச் சுற்றி மட்டும் துடைத்தெடுத்த மாதிரி வெறும் வட்டம். அங்கே பற்றீரியா செத்துப்போயிருந்தது. சப்ரியின் தட்டில் ஒரு கடதாசியைச் சுற்றி வட்டமே இல்லை. பற்றீரியா அதன் விளிம்புவரை வந்து நின்றது. இன்னொன்றைச் சுற்றி வட்டம் இருந்தது. ஆனால் அதற்குள் தனியாக இரண்டு புள்ளிகள்.

"மிஸ், மத்ததெல்லாம் மௌத்தாப் போச்சே, இந்த ரெண்டும் என்னத்துக்கு நிக்குது?" என்றான் சப்ரி.

"தப்பினது. மருந்தால அதைக் கொல்ல முடியேல்ல. இப்ப பக்கத்தில போட்டிக்கு ஆளில்லை, சாப்பாடு முழுக்க அதுக்குத்தான். விட்டால் அதின்ர பிள்ளைகள்தான் இந்த இடம் முழுக்க."

"எங்கட ஒபிஸ்ல ஆள் குறைச்ச மாதிரி. தப்பினவன்தான் இப்ப மனேஜர்."

வகுப்பே சிரித்தது. நதீஷாவும் சிரித்தாள். ஹம்சிகா சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டுச் சொன்னாள்: "டொக்டரைக் கேளாமல் ஒருத்தற்ற மருந்தை இன்னொருத்தர் போடுறது, பாதி போட்டு மிச்சத்தை வைக்கிறது, பிறகு அதையே திருப்பிப் போடுறது, இதெல்லாம் செய்தால் தப்பக்கூடியதைத்தான் நாங்கள் தெரிவு செய்து வளர்க்கிறம். பிறகு ஒரு நாளைக்கு அந்த மருந்து உண்மையாத் தேவைப்படும். அண்டைக்கு அது வேலை செய்யாது."

நதீஷா அதைக் கொப்பியில் எழுதி, கீழே கோடு போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டாள். சோதனைக்கு வரக்கூடிய கேள்விகளுக்கு அவள் போடுகிற அடையாளம் அது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா செபஸ்தியன் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டிய மனிதர். சீனி வருத்தம். இரண்டு வருடமாக மூத்திரக் கடுப்பு வருவதும் போவதுமாக இருந்தது.

"என்ன டொக்டர், இண்டைக்கும் தவளைய வெட்டினீங்களோ?"

"தவளை இல்ல அப்பா. போன்ல இருக்கிற கிருமி."

"அதைப் பிடிச்சு வெட்டுறதுக்குக் கத்தி எவ்வளவு சின்னனா இருக்கவேணும்!" அவர் தன் பகிடிக்குத் தானே குலுங்கிச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கத்தரிக்கோலோடு வந்தாள். "எரிவு குறைஞ்சிட்டுதா?"

"குறைஞ்ச மாதிரித்தான்."

"அப்ப போதும்." அவருக்கென்று டின்னில் இருந்து எடுத்த வெள்ளை நீட்டுக் குளிசை அட்டையில் மிஞ்சிய நான்கையும் ஒழுங்காக வெட்டித் திரும்ப டின்னுக்குள் போட்டாள். மூடி டக்கென்று மூடியது.

நதீஷா பார்த்துக்கொண்டு நின்றாள். நட்சத்திரம் போட்ட வசனம் நினைவுக்கு வந்தது. ஆனால் அது கண்ணாடித் தட்டின் விஷயம் போலவும் இது வீடு போலவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் காலி வீதியும் கோட்டைச் சந்தியும் ஒன்றரை மணித்தியால பஸ் பயணமும் கிடந்தன. களைப்பாக இருந்தது. அவள் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

ஒன்பதாம் நாள் செபஸ்தியனுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் சிங்களத்தில் கேட்டார்: அண்மையில் வேறு ஏதாவது மருந்து எடுத்தாரா? மரியகொறற்றி சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: சீனிக் குளிசை மட்டும்தான் சேர், வேறு ஒன்றும் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. டொக்டர் துண்டு எழுதி, பாமசியில் காசு கொடுத்து வாங்கினால்தான் அவளுக்கு அது மருந்து. டின்னில் இருப்பது வீட்டுச் சாமான், உப்பும் சீனியும் மாதிரி.

நதீஷா அப்பாவின் கிளினிக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். டொக்டருக்கு முன்னால் அம்மாவை எப்படித் திருத்துவது? அம்மா வெட்கப்பட்டுப் போவாளே. டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள், மூத்திரத்தில் இருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த பரிசோதனையின் முடிவு வந்தது. தாதி அதைக் கட்டில் கால்மாட்டில் செருகிவிட்டுப் போனாள். ஒரு பக்கம் மருந்துகளின் பெயர், மறுபக்கம் ஒவ்வோர் எழுத்து. வேலை செய்யும் என்பதற்கு ஓர் எழுத்து. செய்யாது என்பதற்கு இன்னொன்று. செய்யாது, செய்யாது, செய்யாது என்று அது கீழே இறங்கிக்கொண்டே போனது. முழு வார்ட்டிலும் நோயாளிகளின் ஆட்களில் அதை வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். விளிம்புவரை வந்து நிற்கிற பற்றீரியாவும் வட்டமில்லாத கடதாசியும் அவளுக்குத் தெரிந்தன.

"என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"மருந்து மாத்தப் போறாங்களாம்."

மாற்றினார்கள். பின்னேரம் அப்பா கொஞ்சம் கண் திறந்தார். "தவளைப் பாடம் பாஸா?"

"இன்னும் சோதனை வரேல்லை அப்பா."

"வந்தா வெட்டிப் போடு," என்றார். அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம், பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்த கையோடு, போய்ச் சேர்ந்தார்.

நதீஷா அந்த இளம் டொக்டரைத் தேடிப் போய், டின்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டாள். அவர் முதல் நாள் தொட்டுத் தூங்காத முகத்தோடு அவளைப் பார்த்தார். அதனால்தான் என்று சொல்ல இயலாது. இல்லை என்றும் சொல்ல இயலாது. சீனியும் இருந்தது, வயதும் இருந்தது. அவ்வளவுதான் அவர் சொன்னது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, கடைசி வீட்டு மேனகா வந்தாள். மலைநாட்டுப் பெண். புருஷன் புஷ்பராஜ் ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் வேலை.

"அக்கா, இந்த நாளையில வந்து கேக்கறது சரியில்லதாங்க. சின்னவளுக்குக் காதுல சீழ் வடியுது. ரெண்டு நாளா ஒரே அழுகை. அவருக்கு லீவு குடுக்க மாட்டேங்கிறாங்க..."

மரியகொறற்றி எழுந்தாள். முப்பத்தொரு நாளாக யாராவது எழுப்பினால்தான் எழுந்தவள், தானாகவே எழுந்தாள். டின்னை இறக்கிக் கிளறினாள். "சிவப்புக் கறுப்பு முடிஞ்சிட்டுது. பரவாயில்லை, இதுவும் கிருமிக்குத்தான். பாதியா உடைச்சுக் குடு." அவள் கையில் இருந்தது கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டிய நான்கு வெள்ளை நீட்டுக் குளிசை.

"குடுக்க வேண்டாம்," என்றாள் நதீஷா.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தேதி முடிஞ்சிருச்சுங்களா?" என்று மேனகாவே வழி திறந்துவிட்டாள்.

"ஓம். தேதி முடிஞ்சிட்டுது. பிள்ளையை வெளிக்கிடுத்துங்கோ, நான் கூட வாறன். டொக்டரிட்டக் காட்டுவம்."

பிள்ளையைக் காட்டிவிட்டு அவள் திரும்பி வந்தபோது அம்மா யன்னலடியில் இருந்தாள். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு இங்கிலிஷ் எழுத்துத்தான் வராது. இலக்கம் வரும். இதில அடுத்த வருசம் எண்டு கிடக்குது. ஏன் பொய் சொன்னாய்?"

நதீஷா கொப்பியை எடுத்துவந்து நட்சத்திரம் போட்ட பக்கத்தைத் திறந்தாள். திறந்ததில் பிரயோசனம் இருக்கவில்லை. ஒரு கோப்பைத் தட்டைக் கவிழ்த்துவைத்து, அதில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். செத்ததையும் தப்பிய இரண்டு புள்ளியையும் சொன்னாள். பாதியில் நிறுத்துவதையும் திருப்பிப் போடுவதையும் சொன்னாள். வகுப்பில் பத்து நிமிடத்தில் முடிந்த விஷயம் அந்த மேசையில் முடியவே இல்லை.

அம்மா கடைசிவரை கேட்டாள். "அப்ப அப்பாவை நானா?"

"தெரியாது அம்மா."

"நீ படிச்சனிதானே. சொல்லு."

"படிச்சதாலதான் சொல்லுறன். டொக்டருக்கும் தெரியாது. ஆருக்கும் தெரியாது." பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னாள். "நீங்க அந்த நாலையும் வெட்டி வைக்கேக்க எனக்கு இது தெரியும். அண்டைக்குத்தான் படிச்சிட்டு வந்தனான். வாய் திறக்கேல்லை."



"டொக்டர் கேட்டவர்," என்றாள் அம்மா மெதுவாக. "நான் ஒண்டும் இல்லை எண்டனான்."

"நானும் பக்கத்தில நிண்டனான்."



அடுத்த நாள் ஞாயிறு. காலைப் பூசையால் வந்த மரியகொறற்றி சீலை மாற்றவில்லை. டின்னை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். நதீஷா பின்னால் போனாள்.

முதல் வீட்டு ரொஷேல் தலை துவட்டிக்கொண்டே வந்து சிரித்தாள். "என்ன அன்ரி, குடுத்த தானத்தைத் திருப்பிக் கேக்கிறீங்க? சொர்க்கத்தில பதிஞ்சதை அழிக்கேலாது."

"குடுத்தது எல்லாத்தையும் தா பிள்ளை. என்ர டின்னாலதான் உங்கட அங்கிள் போனவர்."

ரொஷேலின் சிரிப்பு நின்றது. உள்ளே போய் ஓர் அட்டையைக் கொண்டுவந்து டின்னுக்குள் போட்டாள்.

அடுத்த கதவடிக்குப் போவதற்குள் நதீஷா அம்மாவின் கையைப் பிடித்தாள். "தெரியாது எண்டுதானே சொன்னனான் அம்மா. ஏன் அப்படிச் சொல்லுறீங்க?"

"தெரியாது எண்டு சொன்னா ஒருத்தரும் திருப்பித் தர மாட்டாங்க," என்றாள் மரியகொறற்றி. கையை விடுவித்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

அப்படியே பதினைந்து கதவுக்கும் போனாள். பதினைந்து தரமும் அதே வசனத்தை, குரல் உயர்த்தாமல், வாசலில் நின்றே சொன்னாள். நாலாம் ஐந்தாம் வீட்டுக்கு வரும்போதே செய்தி அவளுக்கு முன்னால் போய்விட்டது. சிலர் முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சிலர் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், அவள் போய் நாலடி வைப்பதற்குள் உள்ளே யாரோ குசுகுசுத்தது இருவர் காதிலும் விழுந்தது. மேனகா மட்டும் அழுதுகொண்டு, மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு கப்சூலைச் சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது டின்னின் மூடி மூடவில்லை. மரியகொறற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள்.

"இதைக் கொண்டுபோய் எங்க குடுக்கிறது?"

நதீஷாவுக்கு அது தெரியவில்லை. வகுப்பில் அது சொல்லித்தரப்படவில்லை. "ஹம்சிகா மிஸ்ஸிட்டக் கேட்டுச் சொல்லுறன்," என்றாள்.

அம்மா தலையாட்டினாள். பழைய றிப்பன் ஒன்றால் டின்னைச் சுற்றிக் கட்டினாள். மாதாவுக்குப் பக்கத்தில் அதை வைக்கவில்லை. அப்பாவின் பிளாஸ்டிக் கதிரைக்குக் கீழே தள்ளிவைத்துவிட்டு, உலையில் அரிசி போடப் போனாள். பழக்கத்தில் மூன்று பேருக்கு அளந்து, ஒரு சுண்டு அரிசியைத் திருப்பிக் கொட்டினாள்.