சூடு போகும் இடம்

காரின் எஞ்சினுக்குள், ஏசியின் தடித்த குழாய் நுனியிலிருந்த கருப்பு மூடியை அவள் இரண்டு விரல்களால் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. இரண்டு கோடைகளின் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதைக் குழாயோடு ஒட்ட வைத்திருந்தன.

"அவசரப்படாதம்மா. முதல்ல அதுதானான்னு பாரு. மூடி மேல 'எல்'னு இருக்கணும். 'எச்'னு இருந்தா அந்தப் பக்கமே போகாத. அது அழுத்தம் ஜாஸ்தியா இருக்கிற லைன்," என்றார் ஐஸ்.

துணியால் துடைத்துப் பார்த்தாள். "எல்லுதாண்ணே."

ஐஸ் பக்கத்து வீட்டுக்காரர். பிரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம். போன மாதம் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது கை முறிந்து, தோள்வரை மாவுக்கட்டு. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து அவர் வாயால் வேலை செய்துகொண்டிருந்தார். அவள் கையால் செய்துகொண்டிருந்தாள்.

வண்டி அவளுடையது. டிரைவிங் ஸ்கூல் வண்டி. பதினோரு வருடமாக அதில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஏசி வேலை செய்யாமல் போய் இரண்டு வருடம் இருக்கும். படிக்க வருகிறவர்களுக்கு எப்படியும் பயத்தில் வியர்க்கத்தான் போகிறது, ஏசி இருந்தென்ன இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" ஜன்னலிலிருந்து அண்ணன் கேட்டான்.

"ஆகும்."

"அப்பாவுக்கு மூச்சு நிமிஷத்துக்கு எட்டுதான் வருது. சொல்லிட்டேன்."

அண்ணன் வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். மூன்று நாளாக இங்கேதான் இருக்கிறான். வந்ததிலிருந்து ஒரு சின்ன நோட்டில் அப்பாவின் காய்ச்சலையும் மூச்சையும் நாடியையும் மணிக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டிருந்தான். எழுதாமல் சும்மா உட்கார்ந்தால் உடைந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாளைக்கு முன்பே கையை விரித்துவிட்டார்கள். இன்று காலை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன நர்ஸ், கேட்டருகே செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு தாண்டும்னு எனக்குத் தோணலம்மா. பக்கத்துலயே இருங்க," என்றார். அவள் உள்ளே போய் ஈரத்துண்டால் அப்பாவின் கழுத்தைத் துடைத்தாள். அப்பா கண்ணைத் திறந்தார்.

"வெக்கையா இருக்கும்மா," என்றார்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அப்பா நாற்பத்தொரு வருடம் ஒரு ரொட்டி பேக்கரியில் அடுப்பு ஆளாக இருந்தவர். அறை அகலத்துக்கு அடுப்பு. சின்ன வயதில் சாப்பாடு கொண்டு போகும்போது, அடுப்பின் கதவு திறந்தால் அவள் பின்சுவர் வரைக்கும் ஓடுவாள். அப்பா வெறும் கையை உள்ளே நீட்டி, உதடு அசைய ஒன்று இரண்டு எண்ணிவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஏறணும்," என்பார். வேறு யாருடைய கையையோ உள்ளே விட்ட மாதிரி. வீட்டில் கோடையில் எல்லோரும் மின்விசிறிக்கு அடித்துக்கொள்ளும்போது அவர் காற்று படாத மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார். அப்பாவுக்குச் சூடு உறைக்காது என்றே அவளும் அண்ணனும் நினைத்து வளர்ந்தார்கள். அம்மாகூட சாகும்வரை அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அந்த மனிதர்தான் சொன்னார், வெக்கையாக இருக்கிறதென்று.

ஜன்னல்களைத் திறந்தாள். திரையை நனைத்துப் போட்டாள். மின்விசிறி அனலைத்தான் சுற்றிச் சுற்றி இறைத்தது. அறைக்கு ஏசி மாட்ட ஆள் கேட்டால் வியாழக்கிழமை என்றார்கள், இன்று திங்கள். மறுபடி ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று அப்பாவே தலையை அசைத்துவிட்டார். ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றபோதுதான் முற்றத்து மர நிழலில் நின்ற வண்டி கண்ணில் பட்டது.

"வண்டி ஏசிக்கு கேஸ் ஏத்தணும்ணே. இப்பவே," என்று ஐஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், இடது கையில் ஒரு கேஸ் டப்பாவும், முள் வைத்த மீட்டரும், அதோடு சேர்ந்த ரப்பர் குழாயுமாக வந்தார்.

இப்போது மூடி கழன்றுவிட்டது.

"கண்ணாடி மாட்டிக்கோ. கைக்கு உறை போட்டியா? இந்த கேஸ் திரவமா மேல தெறிச்சா தோல் வெந்துடும்."

"குளிர்ல எப்படிண்ணே வேகும்?"

"வேகும். தீயில வெந்த மாதிரியேதான் இருக்கும். பாத்தா வித்தியாசம் தெரியாது."

அவள் குழாயின் முனையை வைத்து அழுத்தினாள். கிளிக் என்று உட்கார்ந்தது. எஞ்சினைப் போட்டு, ஏசியை முழுக் குளிருக்கும் காற்றைக் கடைசி அளவுக்கும் வைத்தாள். நான்கு கதவுகளையும் திறந்துவிட்டாள். உள்ளிருந்து வந்த காற்று தெருக்காற்றைவிடச் சூடாக இருந்தது. மீட்டரின் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது.

"கேஸ் சுத்தமா இல்ல. எங்கயோ கசியுது," என்றார் ஐஸ். "இத பாரும்மா, முன்னாடியே சொல்லிடறேன். கசிவ அடைக்காம ஏத்தினா நிக்காது. ஒரு வாரம் வரலாம். பத்து நாள் வரலாம்."

"ஒரு நாள் வந்தா போதும்ணே."

ஐஸ் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

டப்பாவை நிமிர்த்திப் பிடித்துத் திருகைத் திறந்தாள். பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சின்ன இரைச்சல். டப்பாவைக் குலுக்கினாள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தன் கை வழியாக வண்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. உறையையும் மீறி உள்ளங்கை மரத்தது. நடு மத்தியானம், மர நிழலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது, அவள் கையில் டப்பாவின் வெளிப்புறம் வெள்ளை வெளேரென்று பனி பிடித்துவிட்டது. அவள் குலுக்குவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள்.

"டப்பா உறைஞ்சா கேஸ் வெளிய வராது. வெதுவெதுன்னு தண்ணி வேணும், அதுல நிக்க வைக்கலாம். கொதிக்கிற தண்ணி கூடாது," என்றார் ஐஸ்.

அவள் திரும்புவதற்குள் அண்ணன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றான். ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"நான் இதுக்கு சம்மதிச்சேன்னு அர்த்தமில்ல," என்றான்.

"தெரியும். பாத்திரத்தை ஆடாம பிடி."

முள் மெல்ல எழுந்தது. கொஞ்சம் ஏறியது, நின்றது. அவள் திருகை மூடினாள், காத்திருந்தாள், மறுபடி திறந்தாள். எஞ்சின் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. கேஸ் ஏறியும் கம்ப்ரசர் சுற்றாவிட்டால் அவ்வளவுதான், வேறு வழி இல்லை என்று ஐஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மூன்று பேரும் எஞ்சினுக்குள் குனிந்து, கம்ப்ரசர் சக்கரத்தின் சுற்றாமல் நின்ற நடுப்பகுதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டக்.

சக்கரம் முழுசாகச் சுற்றத் தொடங்கியது. எஞ்சினின் குரல் ஒரு படி கீழே இறங்கியது, பாரம் தூக்கியவனின் மூச்சைப் போல.

"பிடிச்சிடுச்சு," என்றார் ஐஸ், கோயிலில் பேசுகிற குரலில். "முள்ளு பச்சைக்குள்ள வந்ததும் நிறுத்து. ஒரு பொட்டு கூடக் கூடாது. ஜாஸ்தியானா கம்ப்ரசர் போயிடும்."

முள் பச்சைக்குள் வந்தது. அவள் மூடிவிட்டாள். வண்டிக்குள் தலையை விட்டுக் காற்று வரும் வாயில் கையை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காற்றின் நடுவில் ஒரு நூல் மாதிரி குளிர் வந்தது. நூல் தடித்தது. கொஞ்ச நேரத்தில் கை முழுவதும் சிலிர்த்தது. அவள் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"இப்ப சொல்லு. அப்பாவை வண்டிக்குத் தூக்கும்போதே ஏதாவது ஆயிட்டா?" அண்ணன் அறை வாசலில் வழிமறித்தான்.

"படுக்கையில ஆனா பரவாயில்லையா?"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. பதினஞ்சு அடி இருக்கு வண்டிக்கு. நாடி கையில நிக்கல. நான் ஏன் சொல்றேன்னு உனக்குப் புரியல."

"புரியுதுண்ணா. அவரு வெக்கையா இருக்குன்னு சொல்லி நீ எப்பவாவது கேட்டிருக்கியா?"

அண்ணன் கையிலிருந்த நோட்டை மூடினான்.

"என்னைக் கேக்காம ரெண்டு பேரும் என்ன பஞ்சாயத்து?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. குரல் அல்ல, குரலின் மிச்சம். "கொண்டு போய் உக்கார வைங்க."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, விழாமல் போர்வையால் சுற்றி, இருவருமாகத் தூக்கினார்கள். ரொட்டி மாவு மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிய உடம்பு. கனமே இல்லை. படி இறங்கும்போது அவளுக்கும் அண்ணனுக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது, பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். ஐஸ் இடது கையால் கதவைத் திறந்து பிடித்தார்.

முன் இருக்கையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். அவள் மறுபக்கம் ஏறி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். பதினோரு வருடமாக அவளுடைய சொந்த இடம் அந்தப் பக்கத்து இருக்கை. இன்று அதில் அப்பா.

"பல்ஸ் பாக்கற மெஷின உள்ளயே வெச்சிட்டேன்," என்று அண்ணன் வீட்டுக்குள் ஓடினான். ஐஸ் கதவைச் சாத்திவிட்டுத் தன் வாளிக்குத் திரும்பினார்.

சத்தமெல்லாம் வெளியே நின்றுவிட்டது. குளிர்ந்த காற்று மட்டும்.

அப்பாவின் முகம் முதலில் சுருங்கியது. பிறகு நெற்றி விரிந்தது. அவருடைய கால் எதன் மீதோ பட்டு அமுங்கியது.

"இந்தப் பக்கமும் எதுக்கு பிரேக்கு?"

"ஓட்டறவங்க தப்பு பண்ணினா நான் நிறுத்தறதுக்குப்பா."

"நல்ல வேலைதான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். கையை மெல்லத் தூக்க முயன்றார். அவள் பிடித்து, காற்று வரும் வாய்க்கு நேராக வைத்தாள். தீக்காயத் தழும்புகள், முழங்கை வரை முடியே இல்லாத தோல். விரல்கள் காற்றில் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, ரொட்டி வெந்துவிட்டதா என்று தட்டிப் பார்க்கிற விரல்கள்.

"இந்தக் குளிர் எங்கேருந்து வருது?"

"குளிர்னு தனியா ஒண்ணும் வரலப்பா. உள்ள ஒரு கேஸ் சுத்திக்கிட்டே இருக்கு. இங்க இருக்கிற சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது. முன்னாடி கொண்டுபோய் வெளிய விடுது. அவ்வளவுதான்."

"சூடு அணையல?"

"இல்லப்பா. இடம் மாறுது."

அப்பா கண்களை அகலத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவரிடம் அவள் முன்பு பார்த்ததில்லை. புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள், வண்டி முதன்முதலில் தங்கள் காலுக்குக் கீழே நகரும்போது அப்படிப் பார்ப்பார்கள்.

"இடம் மாறுது," என்றார். பிறகு, "நாப்பத்தொரு வருஷம் நான் அதை உள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டிருந்தேன். இவன் வெளிய அனுப்பிட்டிருக்கான்." உதட்டோரம் ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "பெரிய ஆளுதான்."

"அங்க அவ்வளவு வெக்கையா இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு," என்றார். "நல்லாவே இருந்துச்சு."

கண்ணை மூடிக்கொண்டார். மர நிழல் கண்ணாடியில் அசைந்தது.

"வண்டி போகுதா?"

"நின்னுக்கிட்டுதான்பா இருக்கு."

"போற மாதிரி இருக்கு," என்றார். "நல்ல ரோடு."

அவள் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டாள். ஏனென்று தெரியாது. வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கண்ணாடிக்கு வெளியே கேட், அதற்கப்பால் வெயிலில் வெளுத்த தெரு. யாரும் நடமாடவில்லை. காற்று சீராக வந்துகொண்டிருந்தது, எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சீரில் அவள் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பது பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு நிமிடமாக இருக்கலாம். ஐந்தாக இருக்கலாம்.

அப்பாவின் கையைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அவளுக்கு நினைவு தெரிந்து அந்தக் கை குளிர்ந்ததில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைகளின் நெற்றியை அந்தக் கையால் தொட்டுப் பார்க்கவே முடியாது என்று அம்மா சொல்வாள். ஏசி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தாள். காற்று அதிகமோ என்று அளவைக் குறைத்தாள். காற்று வரும் வாயை வேறு பக்கம் திருப்பிவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

கை சூடேறவில்லை.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பயம் வரும் என்று நான்கு நாளாக எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. நெற்றியில் ஒரு கோடு இல்லை. எப்போதும் அடுப்பின் கதவைப் பார்த்துச் சுருங்கியே இருந்த கண்ணோரங்கள் நிமிர்ந்திருந்தன; சுருக்கங்களுக்குள் இத்தனை வருடம் வெயிலோ அனலோ படாத தோல் மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. இப்படி ஒரு முகம் இதற்குள் இருந்திருக்கிறது. எவ்வளவு பெரிய ஒன்று எவ்வளவு சத்தமில்லாமல் தன் பக்கத்தில் நடந்து முடிந்திருக்கிறது. கதவுகூடத் திறக்கவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, பார்க்க அனுமதி இல்லாத எதையோ பார்க்கிறவள் போல, பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அண்ணன் படியிறங்கி வந்தான். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் நாடி பார்க்கும் கருவி. அப்பாவின் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்தவன் அப்படியே நின்றான். கதவின் கைப்பிடியில் கையை வைத்தான், திறக்கவில்லை. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். அவள் அப்பாவின் கையை இன்னும் தன் இரண்டு கைகளுக்குள் வைத்திருந்தாள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. வாளியிலிருந்து ஐஸ் எழுந்து நின்றார்.

அண்ணன் நோட்டை வண்டியின் கூரை மேல் வைத்தான். கருவியை அதன் மேல் வைத்தான். பின்கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்து, குளிர் வெளியே போய்விடாமல் சட்டென்று சாத்திக்கொண்டான்.