ஏழாம் தொட்டி

ரெஜிஸ் இரும்புக் கம்பியால் ஒரே போடு போட்டான். டேங்கர் லாரியின் முன்கண்ணாடி உப்புக்கல்லாய்ச் சிதறியது. டிரைவரைச் சட்டையோடு இழுத்துத் தார்ச்சாலையில் போட்டோம். தெற்கு பிரான்சில் பெசியே நகரத்துக்குப் போகும் சாலை, காலை பத்து மணி வெயில், முகமூடியில் நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் திராட்சைக்காரர்கள். ஸ்பெயின் ஒயினைக் கொண்டுவந்து பிரெஞ்சு ஒயின் என்று விற்றால் சாலையிலேயே கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். இந்த லாரியில் ஸ்பெயின் நம்பர்.

"சரக்கு ஸ்பெயினோடது இல்லய்யா," என்றான் டிரைவர் எமிலியோ. வாயெல்லாம் ரத்தம். "விடிய உங்க ஊர் கூட்டுறவு ஆலையிலதான் ஏத்தினேன். லாரி மட்டுந்தான் எங்கூருது."

"நல்லா கத விடுறான்," என்று முகமூடிக்குள்ளிருந்து ஃபாப்ர் சிரித்தான்.

ரெஜிஸ் டிரைவரின் இடது கையை பூட்ஸ் காலால் மிதித்தான். விரல் முறிவது எனக்குக் கேட்டது. வலது கையை இழுத்து லாரியின் இரும்புப் படியில் வைத்தான்.

"மாப்ள, நீ வாயில வச்சுச் சொல்லு. அவங்க ஊருதுன்னா இந்தக் கையும் போச்சு."

ரெஜிஸ் என் மனைவியின் அண்ணன். அந்தக் கூட்டுறவு ஆலையில் ஒயின் கலப்பவன் நான், பதினெட்டு வருஷமாக. இந்தப் பக்கத்தில் என் நாக்குக்கு மறுபேச்சு கிடையாது.

முகமூடியைத் தூக்கிவிட்டு வால்வைத் திருப்பி, பீய்ச்சியதை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன். முதலில் எலுமிச்சைத் தோல், பின்னால் உப்பு: எங்கள் கடலோரத்து டெர்ரே திராட்சை. நடுவில் வெள்ளை கிரெனாஷ் திராட்சையின் சதைப்பிடிப்பு. ஏழாம் தொட்டி. பிப்ரவரியில் நானே கலந்தது. அடியில் மூன்றாவதாக ஒன்று, ஊறிப்போன ஆப்பிள் மாதிரி, சப்பென்று. அதையும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின ஏப்ரல் பனியில் எங்கள் விளைச்சல் பாதி கருகிப்போயிருந்தது. ஆலைத் தலைவர் ஸ்பெயினிலிருந்து ஒயின் வரவழைத்தார். யாருக்கும் சொல்லாமல் கலக்கச் சொன்னார். கலந்தேன்.

எமிலியோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்மளுதுதான்," என்றேன். "அவன விடு."

ரெஜிஸ் கம்பியை இறக்கினான். "நம்ம சரக்கையா ரோட்டுல ஊத்திக்கிட்டு நிக்கிறோம்?" முகமூடியைத் தூக்கிவிட்டுக் குழாயில் வாய் வைத்தான். அவன் திராட்சையும் அந்தத் தொட்டியில்தான் இருந்தது. கொப்பளித்துத் துப்பினான். மறுபடி வைத்தான். மறுபடி துப்பினான்.

"டெர்ரே இருக்கு. கூட இருக்கிறது என்ன மாப்ள?"

நான் வால்வை மூடினேன்.

"ஆலையில கலக்குறவன் ஒருத்தன்தானே." மெதுவாகத்தான் சொன்னான்.

எமிலியோவை விட்டார்கள். அவன் நொறுங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்தான். என்னைப் பிடித்தது ஃபாப்ர், என் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். அதே இரும்புப் படி. வெயிலில் சுட்டது.

"எந்தக் கையால கலந்த?" என்றான் ரெஜிஸ்.

அவனுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் அவன் கோப்பையை நிரப்புவதும் அந்தக் கைதான்.