காய்ந்த கறுப்புச் சேறு

திங்கட்கிழமை மாங்குளத்துக் கடையில் மடக்கு ஸ்டூல்களைத் தெரிந்தெடுத்தவன் நான்தான். மெல்லிய கால் சேற்றில் புதையும் என்று என் கூட்டாளி றம்சீனோடு சண்டை பிடித்து, அகலமான றப்பர் பாதம் உள்ள இரண்டை வாங்க வைத்தேன். ஒன்று எனக்கு, மற்றது அவனுக்கு. வெள்ளிக்கிழமைகளில் அவன் ஜும்மா முடித்து வந்ததும் இரண்டு பேரும் தூண்டில் போடப் போவோம். போய்வரும் வான் வண்டி அவனுடையது என்பதால் ஸ்டூல்களும் அவன் வீட்டில் இருந்தன.

ஒட்டுசுட்டான் குளத்தில் கறுப்புச் சேறு உள்ள ஒரே மூலையில்தான் விரால் படுக்கும். ஏழு வருடத்துக்கு முன் அதைக் கண்டுபிடித்தவன் நான். றம்சீனுக்கு மட்டும் காட்டினேன். ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று அவனும் வாக்குத் தந்திருந்தான்.

இந்த வெள்ளி குளத்தடியில் அவன் ஸ்டூல்களை இறக்கினான். இரண்டின் பாதங்களிலும் கறுப்புச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆரோடையடா வந்தனீ?"

"தனியத்தான் மச்சான். பாரம் தாங்குதோ எண்டு பாத்தனான்."

"தனிய வந்தவனுக்கு ரெண்டு ஸ்டூலோ?"

அவன் குனிந்து தூண்டிலில் புழுவைக் கோத்தான். நான் என் ஸ்டூலை விரித்தேன். புதுத் துணி நடுவில் தொய்ந்து கிடந்தது. என்னைவிடப் பருத்தவன் எவனோ, என் இடத்தில், ஆறுதலாக இருந்துவிட்டுப் போயிருக்கிறான்.